அம்மா வீட்டுக் கூரையில் ஓர் ஏரி

டாலிகஞ்ச்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் அகிலாவுக்கு,

நான் நலம், முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி நலம். ஹைதராபாத்தில் நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க முருகன் துணை. நம் ஏரியைத் தூர்வார நீ சாட்டிலைட் படம் வைத்துப் போட்டு அனுப்பிய வரைபடத்தை வார்டு கூட்டத்தில் திரையில் காட்டினார்கள். என் மகள் போட்டது என்று பக்கத்து வீட்டுப் பொன்னுத்துரையிடம் காலையிலேயே சொல்லிவைத்தேன், ஆகவே தெருவுக்கே தெரியும். படம் வந்தது. ஏரி நீலம், சரி. ஏரிக்கு வெளியே இன்னொரு நீலத் துண்டு, அது நம் வீடு. போன வருஷம் மாற்றிய நீலத் தகரக் கூரையை உன் கம்ப்யூட்டர் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டது. அக்கா, மீன் விடலாமா என்று பொன்னுத்துரை என் காதில் கேட்டார். நான் படித்த கான்வென்டில், வரைபடத்தில் ஓர் ஆறு இடம் மாறினாலே சிஸ்டர் முட்டி போட வைப்பார். உன்னை யாரும் வைக்கவில்லை, அதுதான் குறை.

சிரிப்பு அடங்குமுன் காண்ட்ராக்டர் சந்திரமோகன் எழுந்தார், ஏரிக்கரையில் தண்ணீருக்குள் மண் கொட்டிக் குடோன் கட்டியிருக்கிறாரே, என்னை அம்மா என்பதற்கு இந்தியில் மாஜி என்பாரே, அவர்தான். என் குடோன் கூரையும் நீலம்தான், மாஜி வீடு ஏரி இல்லையென்றால் என் குடோனும் இல்லை, இந்த மேப்பே கலத், தப்பு, தூக்கிப் போடுங்கள் என்றார். அதிகாரி ரவிசங்கர் தலையாட்டத் தொடங்கிவிட்டார். மேப் போனால் ஏரியின் எல்லை போகும், எல்லை போனால் கோடையில் நம் தெருக் கிணறுகளும் போகும். எனக்குக் கோபம், உன்மேலும்தான். எழுந்து, குடோன் கட்டுவதற்கு முந்தைய வருஷத்துப் படத்தைப் போடச் சொன்னேன், நீ அதையும் அனுப்பியிருந்தாயே. அதில் நம் வீடு பழைய சிமென்ட் ஷீட்டின் சாம்பல் நிறம். குடோன் இருக்கும் இடமோ அப்போதும் நீலம்.

“சந்திரமோகன், கூரை போடுறதுக்கு முன்னாடியே பெயின்ட் அடிச்சிட்டீங்களா?” என்றேன்.

பொன்னுத்துரை சிரித்ததில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் மடங்கிவிட்டது. பழைய படத்தின் எல்லைப்படியே கல் நடுவதாக முடிவாயிற்று. வெளியே வந்த சந்திரமோகன், மாஜி, உங்கள் மகள் இந்தத் தீவுப் பக்கம் வராமல் மெயின்லேண்டிலேயே இருக்கட்டும் என்றார். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வரைபடத்தைத் திருத்தி அனுப்பு. கண்ணுக்கும் ஓய்வு கொடு. பொங்கலுக்கு டிக்கெட் எடு, மேலிருந்து பார்த்தது போதும், இறங்கி வந்து பார். கூரைக்குச் சிவப்பு அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். அடுத்த படத்தில் நம் வீடு தீப்பிடித்து எரிந்தால், மாப்பிள்ளை எதிரிலேயே உனக்கு முட்டிதான்.

தீர்க்காயுசாக, புத்தியோடு இரு.

ஆசிகளுடன்,
அம்மா
மங்கையர்க்கரசி