சைரன் போடாம வரச் சொல்லு

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆரோக்கியத் தொண்டர் பதவி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் மலைக் குடியிருப்பான நிஷிதைராவில் எல்லாமே வீட்டு வரிசைப்படிதான். கோயில் பெருக்குவது, ஓடை தூர்வாருவது, குப்பை மூட்டைக்கு மேல் காக்கா வலை போடுவது, அப்புறம் இது. போன சுற்றில் என் பெண்டாட்டி ஃபுசே செய்தாள். இந்தத் தடவை, "என் முட்டி இருக்கிற லட்சணம் தெரியுமில்ல, நீங்களே போங்க" என்று தொண்டருக்கான பச்சை மேல்சட்டையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டாள். பொம்பளை அளவு. பட்டன் போட்டால் மூச்சு விட முடியாது. மூச்சு விட்டால் பட்டன் நிற்காது.

ஒன்பதாவதோடு படிப்பை மூட்டை கட்டிவிட்டு, ரோட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டிக் காலம் தள்ளினவன் நான். பனியைத் தள்ளச் சொன்னால் தள்ளுவேன். மனுஷனை எப்படித் தள்ளுவது?

ஏப்ரல் 17, வியாழன்

நகராட்சியில் பயிற்சி. நடத்தியது யார் என்றால் என் மகள் மசுமி. காப்பீட்டுப் பிரிவில் இருக்கிறாள். மேடையில் இருந்துகொண்டு "கமிஜோ அவர்களே, கொஞ்சம் பேசாம இருக்கீங்களா" என்றாள். பெற்ற பிள்ளையிடம் அவர்களே பட்டம் வாங்கினது இன்றைக்குத்தான்.

எழுபத்தைந்து தாண்டினவர்களின் வைத்தியச் செலவு வருஷா வருஷம் ஏறுகிறதாம். கொடுக்கிற கை குறைகிறது, வாங்குகிற கை கூடுகிறது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். நிஷிதைராவின் கோடு படத்தின் மேல் விளிம்பை இடிக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் திரும்பி என் பச்சைச் சட்டையைப் பார்த்தார்கள்.

இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, வர்ற மார்ச் கடைசிக்குள்ள அந்தக் கோடு இறங்கலைன்னா கிளினிக் பஸ்ஸை நிறுத்திடுவாங்க. உப்பைக் குறைக்கச் சொல்லுங்க. தேவையில்லாம டாக்டர்கிட்ட போறதைக் குறைக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

வேற ஒண்ணும் வேணாமாம். இந்த மலைக்காரனிடம் உப்பையும் டாக்டரையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

ஏப்ரல் 25, வெள்ளி

கோடு ஏன் உயரம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன், இது என் நோட்டு. கின்சாகு அண்ணன்.

எங்களுக்கு அடுத்த வீடு. ஆப்பிள் தோட்டம் வைத்திருந்தவர். பெண்டாட்டி போனதிலிருந்து கிளினிக் பஸ் ஓடுகிற நாளெல்லாம் பஸ்ஸில் இருக்கிறார். ஒரு நாள் முட்டி, ஒரு நாள் கண், ஒரு நாள் ரத்த அழுத்தம், இன்னொரு நாள் நேற்று டாக்டர் சொன்னது மறந்துபோனதால். அங்கே ஹீட்டர் இருக்கிறது, டிவி இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது. வீட்டில் சுவர்தான்.

வலிப் பிளாஸ்திரி அவர் அலமாரி நிறைய. முன்பு ஆப்பிள் கொடுத்த வீட்டுக்கெல்லாம் இப்போது பிளாஸ்திரி கொடுக்கிறார். ஊரில் பாதி முதுகு அவர் உபயம். இதை எழுதும்போது என் முதுகிலும் ஒன்று.

மே 20, செவ்வாய்

உப்பு மானியோடு வீடு வீடாகப் போய் மிசோ சூப்பில் முக்குகிறேன். எனக்குப் பயந்து எல்லோரும் முன்கூட்டியே வெந்நீர் ஊற்றி வைத்துவிடுகிறார்கள். எல்லா வீட்டிலும் பிரமாதமான அளவு. எங்கள் வீட்டில் முக்கினேன். மானி கத்திற்று. ஃபுசே, "மத்தவங்க வீட்டுல பொய்யை அளந்தீங்க, இங்க சூப்பை அளக்கறீங்க" என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

கின்சாகு அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில் அவரே ஆரம்பித்தார். ஊர் அறிவிப்புச் சுற்றுப் பலகையில் அந்தக் கோட்டுப் படத்தை ஒட்டி வீடு வீடாக அனுப்பியிருந்தார்கள். பலகையை அடுத்த வீட்டுக்குக் கொடுக்காமல் என்னிடமே திரும்பக் கொண்டுவந்தார்.

"ஏம்ப்பா இசாவோ, நம்ம ஊருக் கோட்டுல நான் எவ்வளவு உசரம்?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பாதி நீங்க அண்ணே. மீதி உங்க பிளாஸ்திரி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும். அப்புறம் அவர் முதலில் நிறுத்தினார்.

"என்னால பஸ் நின்னு போச்சுன்னா ஊரு முகத்துல எப்படி முழிப்பேன்" என்றார்.

ஜூலை 15, செவ்வாய்

கின்சாகு அண்ணன் பஸ் ஏறவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 15, திங்கள்

முதியோர் மரியாதை நாள். நகராட்சி சார்பில் ஆளுக்கு இரண்டு பயத்தம் உருண்டை. சர்க்கரையைக் குறையுங்கள் என்று டப்பா மேலேயே அச்சடித்திருக்கிறது.

மசுமி போன் செய்தாள். கோடு இறங்குகிறதாம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கின்சாகு அண்ணன் இப்போது காலையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். டீ குடித்துவிட்டு மத்தியானம்தான் போகிறார். கண்ணுக்கும் போவதில்லை, ரத்த அழுத்தத்துக்கும் போவதில்லை. "அதுக்காவது போங்கண்ணே" என்றால், "மாத்திரை மிச்சம் இருக்கு" என்கிறார். அவரிடம் எல்லாமே மிச்சம் இருக்கும், நம்பினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

நொசவானாக் கீரையை ஊறுகாய்ப் பீப்பாயில் அடுக்கும் நாள். தொண்டர் வீட்டிலேயே உப்பைக் குறைக்காவிட்டால் எப்படி என்று நான் ஃபுசேயிடம் பேசப்போக –

"குறைச்சா புளிச்சுப் போகும்."

"கிளாஸ்ல சொன்னாங்க, போகாதாம்."

"கிளாஸ்ல ஊறுகாய் போட்டாங்களா?"

குறைத்தேன். என் கையாலேயே குறைத்தேன்.

ஜனவரி 14, புதன்

பீப்பாய் போச்சு. மூடியைத் திறந்தால் பூனைகூட ஓடுகிறது. டீயோடு ஊறுகாய் தின்ன வருகிறவர்கள் முன்னால் வெறும் தட்டை வைக்கிறாள் ஃபுசே. ஒன்றும் சொல்லாமல் வைக்கிறாள், அதுதான் தாங்கவில்லை. கடையில் வாங்கி வந்தேன். மானியை முக்கினால் அவள் போடுகிறதைவிட உப்பு ஜாஸ்தி.

கூரைப் பனி தள்ளும்போது நெஞ்சில் ஒரு இறுக்கம். மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போய்விட்டது. வயசு. இதையெல்லாம் எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

மறுபடி. கோயில் மேடு ஏறும்போது. பஸ் வந்தது. ஏறலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பச்சைச் சட்டைக்காரன் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவன் என்ன சொல்வான்? பலகை சுற்றினதிலிருந்து பஸ்ஸுக்குள் டிரைவரைத் தவிர யாரும் இல்லை. கையை ஆட்டி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

கின்சாகு அண்ணன் டீக் கிண்ணத்தை இடது கையால் எடுத்தார். கேட்டேன். "பனி வாரினதுல வலது கை மரத்துப் போச்சு." நான் அவர் கொடுத்த பிளாஸ்திரியிலேயே ஒன்றை எடுத்து அவர் கையில் ஒட்டிவிட்டேன். இந்த வயசில் பனி வாரினால் இப்படித்தான் என்று கிண்டல் வேறு. ஃபுசே மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

காலையில் அவர் வரவில்லை. வாசல் பனி வாராமல் கிடந்தது. கதவைத் தள்ளினால் செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு காலில் பூட்ஸ். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு.

ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். என் கால்சட்டையை இடது கையால் பிடித்து இழுத்தார். குழறிக் குழறிச் சொன்னது புரிய நேரமாயிற்று.

"சைரன் போடாம வரச் சொல்லு. ஊருக்குத் தெரிய வேணாம்."

அப்படியே சொன்னேன். எந்த முட்டாள் சொல்வான்? சொன்னேன். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்வோம். அவர்கள் போட்டுக்கொண்டேதான் வந்தார்கள், மலை வளைவில் திருப்பத்துக்குத் திருப்பம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலியால் இல்லை. வெட்கத்தால்.

மார்ச் 20, வெள்ளி

பிழைத்துவிடுவார். வலது கை சந்தேகம். கை மரத்துப்போன அன்றைக்கே வந்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்கிறார் டாக்டர். ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து எத்தனையோ நாளாகிறதாம்.

ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "கணக்கு மார்ச்சோட முடியுதில்ல. ஏப்ரல் ஒண்ணாந்தேதி போலாம்னு இருந்தேன். அதுக்குள்ள போனா கோடு ஏறிடும்."

மசுமி ஓடி வந்தாள். ஆஸ்பத்திரி நடையில் வைத்துக் கத்திவிட்டேன்.

"நான் டாக்டர்கிட்டயே போகாதீங்கன்னு எப்பப்பா சொன்னேன்? தேவையில்லாம போகாதீங்கன்னுதானே சொன்னேன்?"

"தேவையா இல்லையான்னு போனாத்தானேடி தெரியும்?"

"அப்ப எல்லாரும் எல்லாத்துக்கும் போகட்டுமா? யாரு கொடுக்கறது? என் பிள்ளைங்களா?"

மெஷினில் டீ வாங்கிக் கையில் கொடுத்தாள். இனிப்பு டீ. குடிக்காமலே கீழே வைத்தேன், ஆறிப்போனதும் குடித்தேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

விருது வாங்கினேன். எல்லாக் குடியிருப்பையும்விட அதிகம் இறங்கின கோடு நிஷிதைராவுடையதாம். மேடையில் கைதட்டினார்கள். ஒரு சான்றிதழ், ஒரு பெட்டி உப்பு குறைந்த சோயா சாஸ். கின்சாகு அண்ணன் மாதக்கணக்கில் படுத்திருக்கப்போகிற பெரிய ஆஸ்பத்திரிச் செலவு அடுத்த வருஷக் கணக்கில் வருமாம். அதற்குள் வேறு யாராவது மேடையில் இருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தால் சுற்றுப் பலகை. ஏறுவதற்கு ஆளில்லாத காரணத்தால் கிளினிக் பஸ் இனி செவ்வாய் மட்டும்.

மசுமிக்கு போன் செய்தேன். பஸ்ஸைக் காப்பாத்தத்தானே பஸ்ஸில் ஏறாமல் இருந்தோம்?

"பஸ் வேற பிரிவுப்பா" என்றாள். அழுகிற குரல். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை.

மே 12, செவ்வாய்

கின்சாகு அண்ணனைப் பார்க்கப் போனேன். கம்பியைப் பிடித்து நடக்கப் பழகுகிறார். சான்றிதழைப் பற்றிச் சொல்லாமல் வந்துவிட நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

பாதி வாயால் சிரித்தார். "கோட்டுல பாதி நான்தானே? அப்ப அதையும் பாதி வெட்டிக் குடு."

தொண்டர் முறை வரிசைப்படி இப்போது அவர் வீட்டுக்கு. உடம்பு இப்படி இருக்கிறதே, தாண்டிவிட்டு அதற்கடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று ஊர்க் கூட்டத்தில் பேசியதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"தாண்டுறதா? நான் என்ன செத்தா போயிட்டேன்? சட்டையைத் துவைச்சு வை. வந்து வாங்கிக்கறேன்."

ஜூன் 28, ஞாயிறு

வந்துவிட்டார். வந்து மூன்றாம் நாளே கோலை ஊன்றிக்கொண்டு எங்கள் வாசலில். பச்சைச் சட்டை அவருக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. இளைத்துப்போனதில்.

இடது கையில் உப்பு மானி. என் சூப்பில் முக்கினார். கத்திற்று. "தொண்டர் வீடு இப்படித்தான் இருக்கும்" என்றார். ஃபுசே அவர் பக்கம். பழையபடி உப்பு போட்ட முள்ளங்கி ஊறுகாயில் இரண்டே இரண்டு துண்டு வைத்தாள். அதுதான் அளவாம். பீப்பாயில் குறைக்காமல் தட்டில் குறைக்கிறாள். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

போவார் என்று பார்த்தேன். போகவில்லை. கோலைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இசாவோ. உப்பு இருக்கட்டும். உடம்புல என்ன? மறைக்காம சொல்லு."

ஒண்ணுமில்லே அண்ணே என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பழக்கம். அவருடைய வலது கை மேசைமேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன பொருள் மாதிரி கிடந்தது.

"மேடு ஏறினா நெஞ்சு இறுகுது."

"எப்பலேர்ந்து?"

"பனிக்காலத்துலேர்ந்து."

சமையலறையில் ஃபுசே குழாயை மூடினாள்.

"முட்டாப்பய" என்றார் கின்சாகு அண்ணன். "நாளன்னிக்கு செவ்வாய். பஸ்ல ஏறு. நானும் வர்றேன்."

ஜூலை 2, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். அடைத்திருந்த இதயக் குழாய் ஒன்றை நேற்று விரித்துவிட்டிருக்கிறார்கள். மசுமி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறாள். விழித்ததும் இதற்கு எவ்வளவு ஆகும், எங்கள் ஊர்க் கோடு எவ்வளவு ஏறும் என்று கேட்கப்போகிறேன். அடிப்பாள்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் நானும் அண்ணனும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கீழ் வளைவில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார், ஏறினால்தான் பஸ் ஓடும், ஏறுங்கள் என்று. கிளினிக் டாக்டர் என் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்தார், உடனே போனை எடுத்தார்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது வெட்கமாகத்தான் இருந்தது. கிளினிக் வாசலில் அத்தனை பேர். கண்ணை மூடிக்கொண்டேன். டிரைவரிடம் மெதுவாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வெளியிலிருந்து குழறின குரல் ஒன்று கேட்டது.

"தம்பி, சைரனைப் போட்டுக்கிட்டே போ. ஊருக்கே கேக்கட்டும்."

போட்டார்கள்.