கொலுப்படியில் கிடார் அண்ணாச்சிகள்

புரட்டாசி 8, செவ்வாய்

வெயில். புரட்டாசி என்று பெயர்தான், தச்சநல்லூர் ரோட்டில் தார் இளகுகிறது. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் சி.எல்.

மதுரை டாக்டர் சொன்னதை இன்னும் எழுதவில்லை. தம்பிக்கு ரத்தப் புற்று. மருந்துக்கு மசியவில்லை. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வயது. எழுதினால் மனசு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை.

வாங்க: குளுக்கோஸ், சாத்துக்குடி, டேப்புக்கு பேட்டரிக் கட்டை.

வருஷா வருஷம் எங்கள் கொலுவுக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும். இந்த வருஷம் தன் இஷ்டம் என்றான் தம்பி. அவன் கேசட் அட்டைகளில் இருக்கும் ராக் ஆட்கள் வேண்டுமாம். எல்லாரும் வெள்ளைக்காரர்கள், அவனுக்கு எல்லாரும் அண்ணாச்சி. சொல்லச் சொல்ல எழுதினேன்:

சுருட்டை அண்ணாச்சி. தொப்பி, கண்ணை மறைக்கும் முடி, காலை அகட்டி நின்று கிடார்.
நாக்கு அண்ணாச்சி. முகமெல்லாம் வெள்ளைச் சாயம். (அம்மா: "காளி வேசம் கட்டுனவன் மாதிரில்லா இருக்கான்.")
கொட்டு அண்ணாச்சி. சட்டை கிடையாது. இவரைப் பலசரக்குக் கடைச் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம்.
அழுமூஞ்சி அண்ணாச்சி. கம்பளிச் சட்டை, கலைந்த தலை.

சிரித்தேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்து விட்டு அழுதேன்.

புரட்டாசி 12, சனி

குறிச்சி போனேன். பொம்மைக்காரர் கேசட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாள் இல்லை, ஒன்றுதான் முடியும் என்றார். சரி, சுருட்டை அண்ணாச்சி.

பஸ்ஸில் பின் சீட்டில் இருவர்: "வெண்டைக்கா என்ன வெல விக்கி பாத்தியளா?" ஊர் முழுக்க வெண்டைக்காய்க் கவலை. எரிச்சலாக வந்தது.

பரணிலிருந்து கொலுப்பெட்டிகளை இறக்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டே, "இந்த வருசம் கொலு வேண்டாம்ட்டீ" என்றாள்.

சாவு விழுந்த வீட்டில்தான் அந்த வருஷம் கொலு கிடையாது. இவன் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். அதற்குள் என்ன அவசரம் என்று கத்தினேன். அம்மா முறத்தை மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். எனக்கு அந்தச் சாமியிடம் பேச ஒன்றுமில்லை.

புரட்டாசி 19, சனி

காலையில் மூக்கிலிருந்து ரத்தம். தலையணை உறை இரண்டு. கஞ்சி தங்கவில்லை.

மத்தியானம் கிடாரைக் கேட்டான். மடியில் வைத்தேன். கம்பியை அழுத்த விரலில் பலமில்லை. இரண்டு தரம் பார்த்துவிட்டு, "எடுத்துரு, அக்கா" என்றான். அவ்வளவுதான். ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். எனக்கு இனி ஒரு நம்பிக்கையும் இல்லை. இதை வேறு யாரிடமும் சொல்லவும் முடியாது.

புரட்டாசி 23, புதன்

பொம்மை வந்தது. ஐயோ. சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், கிடார் மடியில் வீணை மாதிரி. தொப்பிக்குக் கீழே பட்டை பட்டையாகத் திருநீறு. நிற்க வைத்தால் கால் ஒடிந்துவிடும் என்று உட்கார வைத்தாராம் பொம்மைக்காரர். திருநீறு ஏன் என்றதற்கு, "வெறும் நெத்தியோட கொலுவுல வைக்கக்கூடாதுல்லா" என்றார்.

தம்பி பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எத்தனை நாளாயிற்று. சிரித்துச் சிரித்து வாந்தி. துடைத்துவிட்டேன். படுத்தபடியே அம்மாவிடம் கேட்டான்: "இவர எந்தப் படியில வைக்கப் போறியம்மா?"

அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். அவனுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

புரட்டாசி 26, சனி. அமாவாசை

ராத்திரி மூச்சு இழுத்தது. விடியும்போது உள்ளூர் டாக்டர் வந்தார். இன்றோ நாளையோ, சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அப்பா எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார்.

திரும்பினால் அம்மா பரண் ஏணியில். பெட்டிகளை அவளே இறக்கினாள். யாரையும் தொட விடவில்லை. அவன் கட்டிலுக்கு நேரே பெஞ்சியை அடுக்கி வேட்டி விரித்துப் படி கட்டினாள். நான் பயந்துபோய், டாக்டர் சொன்னது காதில் விழவில்லையா அம்மா என்றேன்.

சுருட்டை அண்ணாச்சியை மேல் படியில், அம்மனுக்குப் பக்கத்தில் வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"கொலு வச்சாச்சுன்னா ஒம்பது நாளைக்கு யாரும் அசைக்கக்கூடாதுல்லா. எவன் வந்து அசைக்கான்னு பாக்கேன்."

வாசல் நடையில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.