பெட்ரோல் என்று எழுதிய கிருஷ்ணாயில்

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய வீட்டுக்காரருக்கு,

போய் வந்துவிட்டேங்க. நாம் இரண்டு பேரும் போவதாக இருந்த பிரான்ஸ் மலைப் பயணம்தான். நீங்கள் என்னை விட்டுப் போன பதினான்காம் மாதம், நான் மட்டும் போனேன். வெள்ளானூர் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு புஷ்பாவிடம் கொடுத்தபோது, பாதியிலேயே திரும்பிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆவடி ஸ்டேஷனில் டிக்கெட் எடுப்பதுகூட நீங்கள்தானே?

உங்கள் கேம்பிங் ஸ்டவ்வையும் எடுத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் அதில் டீ போட்டுக் கொடுப்பீர்கள், ஆனால் என்னைத் தொடவே விட்டதில்லை. "இது மெஷினு, உனக்குப் புரியாது" என்பீர்கள். முப்பது வருஷம் உங்களுக்குச் சமைத்துப் போட்டவளுக்கு அடுப்பு புரியாதாம்! அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, சொல்லிவிட்டேன்.

விமானத்தில் எண்ணெய் கொண்டுபோக முடியாது, வாசனைகூட வரக்கூடாது. ஸ்டவ்வின் எண்ணெய் பாட்டிலைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி வெயிலில் காய வைத்தேன். ஸ்டவ் பைக்குள் உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. "போகிற ஊரிலேயே மண்ணெண்ணெய் வாங்கிக்கொள்ளலாம். ஸ்டவ்வில் இப்போது மாட்டியிருக்கும், எண்ணெய் பீச்சும் ஜெட்டுக்குப் பெட்ரோல் ஊற்றவே கூடாது."

மலையடிவாரத்தில் ஒரு ஹார்டுவேர் கடை. பிரான்சிலேயே வேலை பார்க்கும் நம் மகள் கவிதாதான் கூட்டிப் போனாள். அவள் காரை நிறுத்த இடம் தேடப் போக, நான் உள்ளே போய் "கெரசின்" என்று கேட்டு ஸ்டவ்வைக் காட்டினேன். கடைக்காரர் ஒரு டின்னை எடுத்து வைத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தால், பெட்ரோல்! "நோ, நோ பெட்ரோல்" என்று தள்ளினேன். அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் தள்ளினார். நான் மறுபடியும் தள்ளினேன். உங்களோடு கடைக்குப் போனால் வருமே, அதே இழுபறி.

கடைசியில் மூடியைத் திறந்து நீட்டினார். முகர்ந்தால் ரேஷன் கடை வாசனை! ஒரு சொட்டு விரலில் தொட்டுப் பார்த்தேன். பெட்ரோல் என்றால் சில்லென்று பறந்திருக்கும், இது பிசுபிசுவென்று நின்றது. "கிருஷ்ணாயிலு!" என்று கத்தியேவிட்டேன்.

அப்போதுதான் உள்ளே வந்த கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, இந்த ஊர்ல கெரசினுக்குத்தான் பெட்ரோல்னு பேரு. நம்ம பெட்ரோலை எசன்ஸ்னு சொல்வாங்க." எசன்ஸாம்! ரோஸ் மில்க் போடுவதற்கா?

ஆனால் மலைமேல் ஏரிக்கரையில் பற்ற வைக்க உட்கார்ந்ததும், தீப்பெட்டியை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். "விட்டுரும்மா, கீழ போயி காபி குடிச்சுக்கலாம்" என்றாள் கவிதா. அப்படிக் கீழே இறங்கிவிட்டால் இனி வாழ்நாளில் நான் எங்கும் போக மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. பம்ப் அடித்தேன். பர்னருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் கசியவிட்டுப் பற்ற வைத்தேன். பர்னர் சூடேறும்வரை காத்திருந்து மெல்லத் திருகினேன்.

ஏங்க, இது நம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் நான் வருஷக்கணக்கில் எரித்த பம்ப் ஸ்டவ்தானே! கொஞ்சம் குள்ளம், அவ்வளவுதான். இதையா எனக்குப் புரியாது என்றீர்கள்? இல்லை, வாரத்தில் ஒரு நாளாவது இவள் உட்கார்ந்து டீ குடிக்கட்டும் என்று அப்படிச் சொன்னீர்களா? இனி யாரிடம் கேட்பேன்?

நீலமாகச் சீறி எரிந்தது. அழுதுகொண்டே டீ போட்டேன். நன்றாகவே இருந்தது.

ஊர் திரும்பியதும் புஷ்பா சாவியோடு வந்து நின்று, கதையெல்லாம் கேட்டாள். "இன்னாக்கா, கிருஷ்ணாயில் வாங்கவா ஏரோப்ளேன் ஏறிப் போன? அடுத்த தபா என்னியும் இட்டுகினு போ." சிரித்தேன். நீங்கள் போன பிறகு அவள் முன்னால் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

என் பாஸ்போர்ட் இந்த வருஷத்தோடு முடிகிறது. அதோடு போகட்டும் என்றுதான் இருந்தேன். நேற்று புதுப்பிக்க எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்து வருஷத்துக்குத் தருவார்களாம். அந்தப் பத்து வருஷத்தையும் வீணாக்க மாட்டேன், இது உங்கள் மேல் சத்தியம்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
சரோஜா