கூடூ மானைத் தேடிப்போன பகல்

அக்கா,

போன வாரம் எங்கள் பேக்டரிக்கு ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி சாம்பிளாகப் பன்னிரண்டு தோல் அனுப்பியிருந்தது. பாதி பதனிட்டு, நீலமாக, ஈரம் காயாமல் வந்த தோல்கள். மேஜையில் விரித்துப் போட்டதும் கரீம் பாய் ஒன்றை இழுத்துப் பார்த்தார். பாய் என்னோடு இருபது வருஷமாக அதே மேஜையில் நின்று தோலைத் தரம் பிரிக்கிறவர்.

"இன்னா சாமுவேலு இது? மாடும் இல்ல, எருமையும் இல்ல. யாரோ பிளேடு போட்டு கீறி வெச்ச மாதிரி கீது."

உள்ளங்கையை வைத்துத் தடவினேன். சன்னமான கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக. ஆறிப்போன முள் கீறல்கள்.

"கூடூ மான், பாய்."

"உனக்கு எப்டி தெரியும்?"

"எங்க அக்கா காட்டிச்சு" என்றேன். பாய் அதற்குமேல் கேட்கவில்லை. நீ தவறிப்போன சேதி அவருக்குத் தெரியும்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஆம்பூரிலிருந்து வேலூருக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உன்னிடம் பேசிக்கொண்டே வந்தேன். பேசியதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நீ நர்ஸ் வேலைக்காகப் போட்ஸ்வானாவுக்குக் கிளம்பியபோது உனக்கு முப்பத்தைந்து வயது. "ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்தான்மா. போனதே தெரியாது, வந்துடுவேன்" என்று அம்மாவிடம் சொன்னாய். இரண்டு நாலாயிற்று, நாலு ஏழாயிற்று. லீவில் ஒரு மாதம் வருவாய். வந்த மறுநாளே அம்மா யாரையாவது உன்னைப் பார்க்க வரச் சொல்லியிருப்பாள். ஜோலார்பேட்டையிலிருந்து அந்த ரயில்வேக்காரர் வந்தாரே, மனைவியை இழந்தவர். அவருக்கு டீ கொடுத்துவிட்டு, "கால் வீங்கியிருக்கே, பிரஷர் பாத்தீங்களா?" என்று நீ ஆரம்பித்தாய். அரை மணி நேரம் கழித்து மனுஷன் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டு, என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனார். அம்மா இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

அதனால்தான், நீ எனக்கும் மேரிக்கும் எங்கள் மகள் ரூபிக்கும் டிக்கெட் அனுப்பி, மே மாத லீவுக்கு வரச்சொன்னபோது, அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சும்மா ஊரு பாத்துட்டு வராத. அவள கையோட கூட்டிட்டு வா. நாப்பத்திரண்டு வயசாவுது. ஒத்தப் பொம்பள, அந்தக் காட்டுல இன்னா பண்றா? தம்பி நீ சொன்னா கேப்பா."

சரி என்றேன். அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். இது உனக்குத் தெரியாது என்றுதான் விமானம் ஏறினேன்.

வேலூரில் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அங்கே இறங்கினால் குளிர். மேரி புடவைமேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு, சீரகச்சம்பா அரிசிப் பையைக் கட்டிப்பிடித்தபடி நடுங்கினாள். ரூபிக்கு அப்போது ஒன்பது வயது. வெளியே ஒரு பிக்கப் வண்டியில் சாய்ந்தபடி காக்கி பேன்ட்டும் தொப்பியுமாக ஒருத்தி நின்றிருந்தாள். அது நீ என்று ரூபிதான் முதலில் கண்டுபிடித்தாள். புடவையிலும் வெள்ளை யூனிபாரத்திலும் தவிர நான் உன்னைப் பார்த்ததே இல்லை.

"டேய் சாமு, ஏன்டா இப்டி முழிக்கிற? பேன்ட்டு போட்டா அக்கா இல்லியா?"

வண்டி கிளம்பியதும் சொன்னாய், "நாளன்னிக்கி எல்லாரும் வேட்டைக்குப் போறோம்."

"வேட்டைன்னா, சுடறதா அண்ணி?" என்றாள் மேரி.

"பின்ன, பூப்பறிக்கவா?"

அந்தக் கதையை நீ வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னாய். ஹென்னி என்ற வெள்ளைக்காரப் பண்ணைக்காரரைப் பாம்பு கடித்து உன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று நாள் நீ அவர் பக்கத்திலேயே இருந்தாய். மனுஷன் பிழைத்தார். அதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் வேட்டை சீசனில் உன்னைப் பண்ணைக்குக் கூப்பிடுவார். முதல் இரண்டு வருஷம் வேடிக்கை பார்த்தாய். மூன்றாம் வருஷம் துப்பாக்கியை வாங்கிக்கொண்டாய். இதில் ஒரு வரிகூட நீ எங்களுக்கு எழுதியதில்லை.

"எழுதினா அம்மா மயக்கம் போட்டு உழுந்துடும்" என்று சிரித்தாய்.

ஹென்னியின் பண்ணை நம் ஆம்பூர் தாலுகா அளவுக்கு இருக்கும் போலிருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் காய்ந்த மஞ்சள் புல், முள் மரம், மேலே மேகமே இல்லாத வானம். நமக்குப் போட்டிருந்த கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து என்னைச் சுடச் சொன்னார்கள். மூன்று குண்டில் இரண்டு பெட்டியில் பட்டது. ரூபி கை தட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வருஷத்துக்கு ஹென்னி வாங்கியிருந்த அனுமதியில் உன் பங்குக்கு ஒரே ஒரு கூடூ மான்தான்.

"என் பங்கு உனக்கு" என்றாய். "ஆனா ஒண்ணு. அவசரப்படாத. சரியா தெரியலன்னா சுடாத."

மறுநாள் காலை மேரியும் ரூபியும் கூடாரத்தில் இருக்க, நீ, நான், ஹென்னி, தடம் பார்க்கிற கபோ, நாலு பேரும் போனோம். கபோ ஒல்லியான மனிதர். தரையைப் பார்த்தபடியே நடப்பார், ஆனால் எல்லாருக்கும் முன்னால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார். பத்து மணி வாக்கில் அவர் கையைத் தூக்கி நின்றார். முள் மரத்துக்கு அந்தப் பக்கம், சாம்பல் நிறத்தில், விலாவில் சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி, முறுக்கிய இரண்டு கொம்புகளோடு அது நின்றது. காது மட்டும் ஆடியது. அத்தனை வருஷமாகத் தோலைத் தடவிச் சம்பாதித்தவன் நான். ஒரு தோல் மூச்சு விடுவதை அன்றுதான் நின்று பார்த்தேன்.

நீ என் தோளைத் தொட்டு, "இன்னும் திரும்பட்டும்" என்று கிசுகிசுத்தாய். எனக்கு அது காதில் விழுந்தது. இருந்தும் விசையை இழுத்துவிட்டேன்.

மான் துள்ளி, பின்பக்கம் ஒருமுறை சரிந்து, எழுந்து ஓடிப்போனது. கபோ போய்ப் பார்த்துவிட்டு வந்து வயிற்றைத் தொட்டுக் காட்டினார். அடி பட்டிருக்கிறது, ஆனால் சரியான இடத்தில் படவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடாமல் பார்க்க ஹென்னி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நாம் மூன்று பேர் தடம் பிடித்து நடந்தோம்.

நாலு மணி நேரம், அக்கா. ஒரு இலைமேல் ஒரு சொட்டு ரத்தம். அப்புறம் இருநூறு அடிக்கு ஒன்றுமில்லை. அப்புறம் மணலில் ஒரு குளம்பு தேய்ந்த கோடு. என் காலில் எங்கள் பேக்டரியில் தைத்த ஆபீஸ் ஷூ. ஒரு மணி நேரத்தில் இரண்டு குதிகாலும் கொப்பளித்துவிட்டன. நீ என்னை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டினாய்.

"என்னாடா ஷூ செய்றீங்க ஆம்பூர்ல?"

"விட்டுடலாம்க்கா" என்றேன். "எங்கியோ போயிருக்கும். கபோ மட்டும் போயி பாக்கட்டும்."

நீ பிளாஸ்திரியை அழுத்தித் தேய்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாய். கோபம் இல்லை. ஆனால் சின்ன வயசில் நான் ஸ்கூலுக்கு மட்டம் போட்டால் பார்ப்பாயே, அந்தப் பார்வை.

"வலியோட ஒண்ணு எங்கியோ படுத்துனு இருக்கு. நாம குடுத்த வலி. டைம் ஆயிடுச்சின்னு வார்டுல ஒருத்தர அப்டியே உட்டுட்டுப் போவேனா நானு? எழுந்திரு."

எழுந்தேன். கொஞ்ச தூரம் போனதும் என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டாய்.

"அம்மா இன்னா சொல்லி அனுப்பிச்சாங்க?"

"ஒண்ணும் இல்லியே."

"ம்" என்றாய். அவ்வளவுதான். ஒரு குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாய். அப்புறம் நாம் வேறு என்னென்னவோ பேசினோம். அப்பா ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தப்பான ராகத்தில் உரக்கப் பாடுவது, கோட்டை அகழியில் நான் செருப்பைத் தொலைத்தது, உனக்கு வந்த முதல் நைட் டியூட்டி. அதற்கு முன்பும் பின்பும் நாம் இரண்டு பேர் மட்டும் அவ்வளவு நேரம் சேர்ந்திருந்ததில்லை.

ஒரு புதருக்குள் அது படுத்திருந்தது. தலை நிமிர்ந்துதான் இருந்தது. நம்மைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நீ துப்பாக்கியை என்னிடம் நீட்டினாய்.

"முடியுமா?"

இல்லை என்று தலையாட்டினேன். நீ நாலு அடி முன்னால் போனாய், நின்றாய், மூச்சை இழுத்துப் பிடித்தாய். ஒரே சத்தம். பிறகு பக்கத்தில் போய் முட்டி போட்டு, அதன் கழுத்தில் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாய். அப்புறம் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாய்.

"ரெண்டு இருபது" என்று மெதுவாகச் சொன்னாய், வார்டில் உயிர் போன நேரத்தைக் குறிக்கிற மாதிரி.

கபோ சிரித்துக்கொண்டே அவர் பாஷையில் சொன்னதை நீ எனக்குச் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் நீ இப்படி மணி பார்த்துச் சொல்வாயாம். உனக்கே அது தெரிந்திருக்கவில்லை. உன் முகம் சிவந்துவிட்டது.

தோல் உரிக்கும்போதுதான் எனக்குக் கொஞ்சம் மானம் திரும்பி வந்தது. கபோ கத்தியை எடுத்ததும் நானும் முட்டி போட்டேன். எந்த இடத்தில் கத்தி ஆழமாகப் போனால் தோல் வீணாகும் என்று விரலால் காட்டினேன். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் தலையாட்டியே ஒரு கீறல் விழாமல் உரித்து எடுத்தோம். தோல் சூடாக இருந்தது. எங்களிடம் வரும் எந்தத் தோலும் சூடாக வந்ததில்லை. நீ என் பக்கத்தில் குந்தி, அந்தப் பழைய முள் கீறல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாய்.

"இது எத்தன முள்ளுல பூந்து வந்திருக்கு பாரு. உங்க பேக்டரில இத இன்னா தரம்னு போடுவீங்க?"

"மூணாந்தரம்."

"போடா" என்றாய்.

அன்று சாயங்காலம் மேரி பிரியாணி போட்டாள். "இன்னா கறி இது, பேருக்குக்கூடக் கொழுப்பு இல்ல" என்று புலம்பிக்கொண்டே எண்ணெயை ஊற்றினாள். ஹென்னி மூன்று தட்டு சாப்பிட்டார், கண்ணில் தண்ணீர் வழிய வழிய. மிச்சக் கறியை அவர்கள் உப்புத் தடவிக் கீற்றுக் கீற்றாகத் தொங்கவிட்டதைப் பார்த்து, "அட, நம்ம உப்புக்கண்டம்!" என்று மேரி கத்தியதில், அதுவரை அவளுக்கிருந்த பயமெல்லாம் போயிற்று.

திரும்பி வரும் வழியில் மண் ரோட்டோரம் ஒரு பெண் குழந்தையோடு நின்று கை காட்டினாள். நீ வண்டியை நிறுத்தினாய். "ம்மா, ம்மா" என்று அவள் ஏதோ சொல்ல, நீ அவள் பாஷையிலேயே பதில் சொன்னாய். குழந்தையின் காதைப் பார்த்தாய், பையிலிருந்து மருந்து கொடுத்தாய். கொஞ்ச தூரத்தில் ஒரு கிழவர், அதுவும் "ம்மா." பெட்ரோல் போடுகிற இடத்தில் ஒருத்தி, அவளும் "ம்மா."

"அத்த, எல்லாரும் உன்ன அம்மான்னு கூப்புடுறாங்களே?" என்றாள் ரூபி.

"இங்க எல்லாப் பொம்பளைங்களையும் அப்டித்தான் கூப்புடுவாங்க. உங்கம்மாவக்கூட கூப்புடுவாங்க" என்று சிரித்துக்கொண்டே கியரை மாற்றினாய்.

நான் பின்சீட்டில் உட்கார்ந்து உன் கழுத்தையும், ஸ்டியரிங் மேல் தளர்ந்து கிடந்த கையையும் பார்த்துக்கொண்டு வந்தேன். வேலூரில் நீ லீவில் இருக்கும்போது அந்தக் கை சும்மாவே இருக்காது, புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருக்கும். இங்கே அது அமைதியாக இருந்தது. அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை அந்த ரோட்டில் விட்டுவிட்டேன்.

ஊருக்குக் கிளம்பிய நாள் ஏர்போர்ட்டில் நீயே அந்தப் பேச்சை எடுத்தாய். "கையோட கூட்டிட்டு வான்னுதான சொன்னாங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நீ கேப்பன்னு பத்து நாளா காத்துனு இருந்தேன்டா. இன்னா பதில் சொல்றதுன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். எல்லாம் வேஸ்ட்டாப் போச்சி." உன் கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "அம்மா கேட்டா இன்னா சொல்லுவ?"

"லீவு கெடைக்கலன்னு சொல்றேன்."

"எத்தன வருஷத்துக்கு?"

"நீயா வர்றேன்னு சொல்ற வரைக்கும்."

என் தலையில் ஒரு குட்டு வைத்தாய். பிறகு அதே இடத்தைத் தடவிவிட்டாய்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே என் பின்னால் எட்டிப் பார்த்தாள். மூன்று பேர்தான் இறங்கினோம். நான் லீவுக் கதையைச் சொல்லவில்லை. அம்மாவை உட்காரவைத்து அந்தப் பகலை முழுசாகச் சொன்னேன். என் தப்பையும் சேர்த்து. நீ மணி பார்த்ததையும் சேர்த்து. அம்மா நான் அங்கே எடுத்த உன் போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தாள். "ஒடம்பு தேறியிருக்கா" என்றாள். அதற்குப் பிறகு உன் லீவில் யாரையும் வீட்டுக்கு வரச்சொல்லவில்லை. நீ கவனித்திருப்பாய்.

அதன்பின் எட்டு வருஷம் நீ அங்கே இருந்தாய். ஹென்னி போன் செய்த அன்று, காலையில் வார்டு சுற்றி முடித்து டீ குடிக்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்றார். நான் அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நூற்றுக்கணக்கான பேர் நின்றிருந்தார்கள். என்னைக் காட்டி ஏதோ சொல்லி வழிவிட்டார்கள். கபோ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நமக்குத் தெரிந்த பாட்டை அவர்கள் பாஷையில் பாடினார்கள். நான் தமிழில் பாடினேன். ராகம் எங்கும் இடறவில்லை.

இப்போது துக்கம் கேட்க வருகிறவர்கள் அம்மாவிடம் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். போன ஞாயிறுகூட சர்ச்சிலிருந்து ஒரு பெண்மணி வந்து, "பாவம், அந்தத் தூர தேசத்துல ஒத்தையாவே இருந்து ஒத்தையாவே போயிட்டா" என்று மூக்கைச் சிந்தினார். நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அவ ஒத்தையாவும் இல்ல, பாவமும் இல்ல" என்றாள். "இதோ, எம்புள்ள போயி பாத்துட்டு வந்திருக்கான். டேய், இவங்களுக்குச் சொல்லு."

சொன்னேன், அக்கா. ஒன்றுவிடாமல் சொன்னேன். இனி கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வேன்.

உன் தம்பி,
சாமு