பக்கம் 212-இன் ஓரம்

நாள் 141, 07:10
நிலவு, தென்முனைக் குடில். எழுதுவது ஜெசிந்தா, பராமரிப்புப் பொறியாளர், தனி ஆள். காற்று சரி. நீர் சரி. ஓய்வில் என் ஆறங்குல மின்நூல் கருவியில் பாதி நாவல் படித்தேன்.

நாள் 142, 11:32
மின்சுற்று கருகிவிட்டது. கணினிகள் காலி. ஆக்சிஜன் இயந்திரம் நின்றுவிட்டது. இருக்கும் காற்று ஐந்து நாளுக்கு வரும். தரைக் கட்டுப்பாட்டிலிருந்து வில்வநாதன் பேசினார்:
"எதையும் தொடாதம்மா. பேசாம படுத்துக் கெட, மூச்சு மிச்சமாவும். பன்னெண்டு நாள்ல ஆள் வந்துரும்."
அத்துடன் ரேடியோவும் போனது. பன்னிரண்டில் ஐந்தைக் கழிக்க எனக்குத் தெரியும், சார். படுக்க மாட்டேன்.

நாள் 143, 09:05
இயந்திரத்தின் கையேடு மின்நூல் கருவியில் பிடிஎஃப்பாக இருக்கிறது. வரும் வழியில் படிக்கலாமென்று ஏற்றியது, திறக்கவேயில்லை. 640 பக்கம். பெரிய தாளுக்குச் செய்தது, இந்தத் திரையில் எழுத்தெல்லாம் கடுகு. பெரிதாக்கினால் பாதி வரி வெளியே ஓடுகிறது. நகர்த்தினால் திரை கறுத்து, வெளுத்து, யோசித்துத்தான் வருகிறது. பேட்டரி 31%. சார்ஜ் செய்ய வழியில்லை.

நாள் 144, 16:40
ஓரத்து வெள்ளை திரையில் வராதபடி எல்லாப் பக்கத்துக்கும் வெட்டிவிட்டேன். எழுத்து பெரிதானது. பக்கம் 212, கையால் இயக்கும் முறை. சொன்னபடியே செய்தேன். 4-ஆம் வால்வைத் திறந்ததும் இருந்த காற்று வெளியே பீறிட்டது. மூடுவதற்குள் ஒன்றரை நாள் காற்று போய்விட்டது. கையேடு எழுதியவனை வாய் ஓயும்வரை திட்டினேன். பிறகு வெட்டை நீக்கிப் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில்: '4-ஐத் திறக்குமுன் 7-ஐ மூடவும்.' அவன்மேல் தப்பில்லை. வெட்டியது நான்.

நாள் 145, 08:20
பேட்டரி 2%. தலைவலி. 212-இல் உள்ள முப்பத்தெட்டு வால்வுகளின் படத்தைப் பார்த்து வரைந்து முடிக்கும்வரை 2% தாங்காது. கருவி அணையும்போது 'சார்ஜ் செய்யவும்' என்று ஒரு பொம்மையைப் போட்டுப் பக்கத்தை அழித்துவிடும். அந்த வாய்ப்பை நான் தரவில்லை. 212-ஐ ஓரத்தோடு முழுசாக வரவைத்து, பின்மூடியை நெம்பி, பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டேன். வந்த படத்தைப் பிடித்துவைக்க இந்தத் திரைக்கு மின்சாரம் வேண்டாம். கருவி செத்துவிட்டது, பக்கம் அப்படியே நிற்கிறது. மண் ஆராயும் லென்சை வைத்துப் படிக்கிறேன். இந்தப் புத்தி முதல் நாளே வந்திருக்கலாம்.

நாள் 145, 13:55
7 இறுகிக் கிடந்தது. சுத்தியலால் அடித்து மூடிவிட்டேன். கண் இருட்டுகிறது, எழுத்து கோணுகிறது. அடுத்தது 4.
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் படுக்கவில்லை என்று வில்வநாதன் சாரிடம் சொல்லுங்கள். பக்கம் திரையில் இருக்கும். ஓரத்தையும் படியுங்கள்.
திறக்கிறே