என் கால்கள் சும்மா இருந்த இரண்டு நொடி

அன்பு மாப்பிள்ளை சேவியருக்கு,

நீ மண்ணுக்குள் போய் ஏழு மாதமாகிறது. சண்டை போட ஆளில்லாமல் எனக்குக் கை ஊறுகிறது. இறங்குவதற்குக் கப் என்கிற குட்டி விமானம்தான் சுகம், டைகர் மாத் விமானம் வெறும் முரடு என்று நான் சொன்னதற்கு, அடையாறு வீட்டில் காப்பி டம்ளரை என் நெற்றிக்கே விட்டெறிந்தாயே, மறப்பேனா?

"பிரேக்கே இல்லாத வண்டிடா அது. அத்த நிறுத்தறவன்தான் பைலட்டு. கப்பு இன்னா, கொயந்தகூட எறக்கும்" என்றாய். என் தங்கை ரீட்டா, உன் மனைவி, துடைப்பத்தோடு வந்து இரண்டு பேரையும் ஏசினாள்.

ஒன்றில் மட்டும் நமக்குள் சண்டை வந்ததில்லை. வால் தரையில் படிய நிற்கும் இந்தப் பழைய விமானங்களுக்கு எடை பின்னால். தரை தொட்டதும் வால் முந்தப் பார்க்கும். முழுக்க நிற்கும்வரை வாலைத் திருப்பும் பெடல்களில் கால்கள் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். மூக்குச் சக்கரம் வைத்த புது விமானங்களில் பழகிய கால், தொட்டதும் சோம்பிவிடும். என் கால் அந்த ரகம்.

நீ போன அன்று நாம் ஏறியது புஷ்பக், பக்கத்தில் பக்கத்தில் இருவர் உட்காரும் விமானம். நீ இடது இருக்கை, நான் வலது. மாத் தொப்பென்று உட்காரும், கப் மிதந்துகொண்டே போகும், இது இரண்டுக்கும் நடுவில் என்று சொல்லிக்கொண்டே, வலப்பக்கமிருந்து வீசிய காற்றில் அதைப் பூப்போல இறக்கினாய். வால் தாழ்ந்தது. தரையில் ஓடும்போது எப்படி இழுக்கிறதென்று நானும் பார்க்க வேண்டும் என்று "உன்கிட்ட" என்றாய். "என்கிட்ட" என்றேன். அப்படிச் சொல்லிவிட்டால் விமானம் சொன்னவனுடைய பொறுப்பு. நீ கையையும் காலையும் எடுத்துவிட்டாய்.

நான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டு நொடி கால்கள் சும்மா இருந்தன. மூக்கு வலப்பக்கம் வெட்டித் திரும்பியது, வால் வீசிச் சுழன்றது. இடது இறக்கை மண்ணைக் கிழித்தது. ஓடுபாதை ஓரத்துக் கால்வாய்ச் சுவரில் உன் பக்கம் போய் அறைந்தது. கண்ணாடிச் சில்லு என் வாய்க்குள் வந்தது. உன் தலை என் தோளில் சாய்ந்தது. உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எனக்குக் கை மட்டும் முறிந்தது.

இடது இருக்கையில் இருந்தவன்தான் கடைசிவரை ஓட்டினானா என்று விபத்து விசாரணையில் கேட்டார்கள். ஆமாம் என்றேன். காலைத் தளர்த்திவிட்டான் என்றும் சொன்னேன். கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன்.

ரீட்டா உன் படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் அடித்தாள். கல்லறைத் திருநாளன்று சாந்தோமே பூவும் மெழுகுவத்தியுமாகக் கிளம்பியது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். "வெளையாட்டா எறக்கி என்னைத் தனியா உட்டுட்டுப் போனவனுக்கு நான் எதுக்குண்ணா மெழுகுவத்தி ஏத்தணும்?" என்றாள்.

போன வாரம் கிண்டியில் நம் மெக்கானிக் தாஸைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தான். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். சேவியர் சாரு எறங்கினதும் ஊட்டுக்கு வந்தா மாதிரி குந்திகினாரு. காலு தூங்கிட்ச்சு" என்றான். அவன் வாயிலேயே குத்தினேன். விழுந்தவனை உதைத்தேன். நாலு பேர் சேர்ந்து என்னை இழுத்தார்கள். அவன் இரத்தத்தைத் துப்பிவிட்டு, "நீங்க சொன்னதத்தானே சார் நானும் சொன்னேன்" என்றான்.

உன்னால் மறுத்துப் பேச முடியாதது எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று, பார்த்தாயா? நீ உயிரோடிருந்து நான் செத்திருந்தால், நீ என்னை இப்படி விற்றிருப்பாயா?

நாளைக் காலைப் பூசை முடிந்து ரீட்டா வெளியே வருவாள். எல்லாரும் படிக்க இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் அச்சுக்குத் தருமுன் அவள் கையில் தருவேன். படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். அங்கிருந்து நேராக விசாரணை அலுவலகம் போவேன். அதன்பின் அவள் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி, உன்னை "என் புருஷன்" என்று அவள் சொல்லி ஒருமுறை வாய்விட்டு அழட்டும்.

நாளைக் காலைவரை ரீட்டாவுக்கு அண்ணனாக இருக்கும்,
உன் மச்சான்
அந்தோணி