இருபதரைத் தேங்காய்

அளவெட்டி
14.09.2025

அன்பு மகள் சாருஜாவுக்கு,

இங்கே அப்பாவும் தம்பி பிரணவனும் நானும் சுகம். நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை, ஆனால் நீ ஒழுங்காகச் சாப்பிடுவதுமில்லை, அறைக் கதவைத் திறப்பதுமில்லை என்று அங்கே உன்னோடு இருக்கும் சித்தி சொன்ன பிறகு அந்த வரி கைக்கு வரமாட்டேன் என்கிறது. தொலைபேசி எடுத்தால் "பிறகு கதைக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய். முன்வீட்டு டிலக்ஷி வியாழக்கிழமை ரொறொன்ரோவுக்கு வருகிறாள், அவளிடம் கொடுக்கும் மிளகாய்த்தூள் பையோடு இதையும் வைக்கிறேன்.

யூன் மாதம் உன் பல்மருத்துவ நுழைவுப் பரீட்சைப் புள்ளி வந்த அன்று நடந்ததையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன். முப்பதுக்கு இருபது எடுத்தால் போதும் என்று இரண்டு வருடம் படித்தாய். கடைசியில் அவர்கள் புள்ளி போடும் முறையையே மாற்றி, அறுநூறு வரை போகிற எண்ணில் நானூற்றுப்பத்து என்று தந்தார்கள். இது நல்லதோ கூடாததோ என்று என்னைக் கேட்டாய். நான் ஒரு கடுதாசி எடுத்து, நானூற்றுப்பத்தை முப்பதால் பெருக்கி அறுநூறால் பிரித்தேன். இருபதரை வந்தது. அந்த எண் பூச்சியத்தில் அல்ல, இருநூறில் தொடங்குகிறது என்றுகூட நான் பார்க்கவில்லை. "காணும் பிள்ளை, இது போதும், திரும்ப எழுதத் தேவையில்லை" என்றேன். ஓகஸ்டில் மறுபடி எழுதப் பதிந்திருந்த நாளை நீ அன்றே கைவிட்டாய். அம்மா கணக்கு ரீச்சர், அவ சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் என்று சித்தியிடம் சொன்னாயாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இருபது எடுத்தால் இருபது தேங்காய் உடைப்பதாகப் பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தேன் அல்லவா, அந்த வெள்ளிக்கிழமையே போய் உடைத்தும்விட்டேன். அப்பா பக்கத்தில் நின்று "இருபதரை எண்டாய், எங்கையப்பா அந்த அரைத் தேங்காய்?" என்று பகிடி பண்ண ஐயரும் சிரித்தார். பிறகு நீ அனுப்பிய, பழைய புள்ளியையும் புதிய புள்ளியையும் ஒப்பிடும் அட்டவணையில் நானூற்றுப்பத்துக்கு நேரே பத்தொன்பது என்று இருந்ததைப் பார்த்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சிரிப்புத்தான். ஒவ்வொரு வருடமும் ஏ.எல். பரீட்சை முடிவு வந்ததும் தாய் தகப்பன்மாருக்கு "இசட் புள்ளியை மார்க்ஸ் மாதிரிப் பாக்காதேங்கோ, அது மற்றப் பிள்ளையள் எப்பிடிச் செய்தவை எண்டதைப் பொறுத்தது" என்று விளங்கப்படுத்துகிறவள் நான். என் பிள்ளையின் புள்ளி வந்தபோது அது எனக்கே மறந்துபோனது. ஆசைப்பட்ட விடை வந்ததும் சரிபார்க்காமல் நிறுத்திவிட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிச் செய்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

இப்போது திரும்ப எழுதிப் புள்ளி வரும்வரை காத்திருந்தால், பல்மருத்துவக் கல்லூரிகளில் விண்ணப்பங்களை வருகிற வரிசையில் பார்த்து இடங்களை நிரப்பிவிடுவார்கள் என்று சித்தியிடம் சொல்கிறாயாம். எழுதாவிட்டால் பத்தொன்பதோடு யார் எடுப்பார்கள் என்கிறாயாம். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை மகள். தெரியும் என்று சொல்லித்தான் ஒருமுறை கெடுத்தேன். அந்தக் கல்லூரிகளுக்கே எழுதிக் கேள், உன்னைப் படிப்பித்தவர்களைக் கேள். என்னோடு கோபம் என்றால் கோபமாகவே இரு, ஆனால் பட்டினி கிடக்காதே. "அக்கா என்னோடையும் கதைக்கிறா இல்லை, நானென்ன பெருக்கிப் பிரிச்சனானோ?" என்று பிரணவன் புறுபுறுக்கிறான், அவனுக்காவது ஒரு வரி போடு.

முந்தநாளும் கோயிலுக்குப் போனேன். இந்த முறை எண் எதுவும் சொல்லி நேரவில்லை. என்ன கேட்பதென்றே தெரியாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன். பிள்ளையார் உனக்குத் துணை நிற்கட்டும். தூளுக்குள் ஈரக் கரண்டி போடாதே. நீ திரும்ப எழுதிப் புள்ளி வந்தால் எத்தனை என்று எனக்குச் சொல்லு. காணுமோ காணாதோ என்று மட்டும் என்னைக் கேட்காதே.

உன் அம்மா
குணலட்சுமி